லைன்ல ஆள் இருக்கு

அக்கா எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தலையை இடப்பக்கம் சாய்த்து, மேசைமேல் கிடக்கும் குண்டூசி டப்பாவையோ சுவரில் தொங்கும் காலண்டரையோ பார்த்தபடிதான் கேட்பார். முதல்முறை பார்க்கிறவர்களுக்குத் திமிர் பிடித்தவர் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைமை ஆபீசில் பதினேழு வருடம் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதினேழு வருடத்தில் அவர் பேசிய மனிதர்களில் முக்கால்வாசிப் பேரை அவர் பார்த்ததே இல்லை. சேரம்பாடி எஸ்டேட் மேனேஜருக்கு எப்போது சளி பிடிக்கும், கொச்சி ஏலக்கடைக்காரர் எந்தக் குரலில் பேசினால் பொய் சொல்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர்கள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அடையாளம் தெரியாது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவருக்குத் தாங்காது. கையைத் தூக்கிவிடுவார். "லைன்ல ஆள் இருக்கு" என்பார். ஒருவர் பேசி முடிக்கட்டும், பொறு என்று அர்த்தம். கோவில் ஐயரிடமே ஒருமுறை அப்படிச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன்.

தேயிலை விலை விழ ஆரம்பித்ததும் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. முதலில் போனது அவருடைய வேலை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுப் பாதையில், ஒரு தையல் கடையின் மாடியில் எஸ்.டி.டி. பூத் எடுத்து நடத்தினார். நான் அப்போது வெலிங்டனில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் சிவிலியன் கிளார்க். ஊருக்குப் போன் பேசப் போய்ப் பழக்கம். மலையில் எல்லோருக்கும் அடி விழுந்த அந்த வருடங்களில் என் சம்பளம் மட்டும் ஒன்றாம் தேதி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதனாலோ என்னவோ, யாரிடமும் எதையும் கேட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்தில் நாங்கள் சிலர் ஆடிய விளையாட்டு எங்கள் கைக்கு வந்தது ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து. மாற்றலாகிப் போன ஏதோ ராணுவ அதிகாரியின் வீட்டுச் சாமான்களோடு ஒரு அட்டைப் பெட்டி வந்திருந்தது. உள்ளே தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்று, நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை விதவிதமான பகடைகள். அக்கா அதை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தார். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த இடத்தில் தான் என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். இவ்வளவுதான் விளையாட்டு. புத்தகத்தில் இருந்த கோட்டைகளையும் குள்ளர்களையும் அக்கா தூக்கிப் போட்டுவிட்டார். பாதையே இல்லாத காலத்தில் சமவெளியிலிருந்து நாலு பேர் இந்த மலைக்கு ஏறி வருகிறார்கள் என்று ஆரம்பித்தார். முதல் மூன்று மாதம் நாங்கள் மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் பர்லியார் காட்டைத் தாண்டவில்லை.

நாலு பேரில் உரக்கடை கணேசன் வைத்தியர். நாலு ஏக்கர் தேயிலை வைத்திருந்த போஜன், எருமை மேய்ப்பவர். நான் ஒற்றன், யாருக்கும் தெரியாமல் முன்னால் போய்ப் பார்த்து வருகிறவன். பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் சின்ன பேக்டரி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த செல்வராசு தச்சர். ஓடை குறுக்கே வந்தால் பாலம் போடுவது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு பூத்தின் கதவைச் சாத்திவிட்டு உட்காருவோம். எல்லோருக்கும் முப்பதைத் தாண்டிய வயது. விளையாடுவதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

செல்வராசுவின் பேக்டரி மூடியது. மனைவியையும் மகளையும் இங்கேயே விட்டுவிட்டு அவர் திருப்பூரில் ஒரு சாயப் பட்டறைக்குப் போனார். போகிற அன்று சொல்லிக்கொள்ள வந்தவரிடம் அக்கா இருபது முகப் பகடையை எடுத்துக் கொடுத்தார்.

"இது எதுக்குங்க்கா எனக்கு?"

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு அங்கிருந்து போன் போடுங்க. பாலம் பாதியில நிக்குதில்ல?"

எங்களுக்கு அது ஒத்துவரும் என்று தோன்றவில்லை. முதல் ஞாயிறு ஒத்துவரவும் இல்லை. ஸ்பீக்கர் வைத்த போனை மேசை நடுவில் வைத்தோம். போஜன் அக்கா வரைந்திருந்த காட்டு வரைபடத்தில் விரலை வைத்து, "இப்படிப் போயிடலாம்" என்றார். கணேசன், "அதுக்கு இது பரவால்ல" என்று வேறொரு இடத்தைத் தொட்டார். நான் தலையாட்டினேன். போனுக்குள்ளிருந்து செல்வராசுவின் குரல், "எங்கீங்க? எதுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் ஏதோ சொல்லிச் சிரித்தோம். அவரும் எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். பிறகு சத்தம் இல்லை. அரை மணி கழித்து, "வெச்சிர்றனுங்க" என்றார்.

அக்கா எங்களைத் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். பேசுமுன் அவரவர் பெயரைச் சொல்ல வேண்டும். விரலால் காட்டக் கூடாது. வரைபடத்தில் கட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறது, எண்ணைச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் "தலையாட்டினேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். யாராவது சிரித்தால் எதற்குச் சிரிப்பு என்று போனுக்குச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். போன் பக்கத்தில் மொறுமொறுவென்று வர்க்கி பிஸ்கட் கடிக்கக் கூடாது. எந்த இடத்திலும் முதலில் என்ன செய்வாய் என்று கேட்கப்படுவது செல்வராசுதான். வரைபடத்துக்கு ஒரு கார்பன் நகல் எடுத்து, வியாழக்கிழமையே அவருக்குத் தபாலில் போட்டுவிட்டார்.

கணேசன் ஒரு சந்தேகம் கேட்டார். "பகடைய அவரு அங்க உருட்டறாரு. பதினெட்டுங்கறாரு, பத்தொம்பதுங்கறாரு. என்ன உளுந்துச்சுன்னு யாருக்குத் தெரியுமுங்க?"

"அவரு சொல்றதுதான் உளுந்துச்சு" என்றார் அக்கா.

நாலைந்து வாரத்தில் பழகிவிட்டது. மழை பலமாகப் பிடித்தால் தகரக் கூரைச் சத்தத்தில் செல்வராசுவுக்கு எதுவும் கேட்காது. மழை விடும்வரை நாங்களும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். கதையில் நாங்கள் காட்டைத் தாண்டி மேலே வந்திருந்தோம். சொன்னால் விசித்திரமாக இருக்கும், பக்கத்தில் இருந்த காலத்தைவிட இப்போதுதான் செல்வராசுவை எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாலம் கட்ட எந்த மரம், எத்தனை முழம், எந்தப் பக்கம் சரிவு என்று அவர் கேட்கிற கேள்விகளில் அவருடைய பொறுமை தெரிந்தது.

கணேசன் விஷயம் வேறு மாதிரி ஆனது. பசுந்தேயிலை விற்கிறவன் கையில் காசு இல்லையென்றால் உரம் யார் வாங்குவது. அவர் கடையில் மூட்டைகள் அப்படியே கிடந்தன. ஒரு ஞாயிறு வந்தவர் தன் முறை வரும்போதெல்லாம், "வைத்தியர் சும்மா இருக்காரு" என்று மட்டும் சொன்னார். மூன்று தடவை அப்படிச் சொன்னார். அக்கா தலையைச் சாய்த்து, செல்வராசு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கணேசனைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு கணேசன் எழுந்தார். "ஏனுங்க்கா, நானும் திருப்பூர் போனாத்தான் என்னக் கேப்பீங்களா?"

அக்கா காலண்டரைப் பார்த்தபடி, "என்னாச்சுங்க?" என்றார்.

"ரெண்டு மணி நேரமா உங்க முன்னாடிதான உக்காந்திருக்கறேன்" என்றார் கணேசன். படி இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை அக்கா அவர் கடைக்குப் போகவில்லை. கடை இருநூறு அடி தூரம். போன் போட்டார். போன் பேசிய பாக்கியைக் கட்ட நான் போயிருந்தபோது பேசிக்கொண்டிருந்தார். இல்லை, கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடையை ஒழித்துவிட்டு மாமனார் ஊரான அன்னூருக்குக் குடிபோவதாகவும், அதைச் சொல்லத்தான் நேற்று வந்ததாகவும் கணேசன் சொல்லியிருக்கிறார். வைத்துவிட்டு அக்கா என்னிடம், "நேர்ல வாய் வரலையாம் அவருக்கு" என்றார். பிறகு, "எனக்கும் நேர்ல காது கேக்கறதில்ல" என்றார். வருத்தத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. கண்ணாடி போட்டவர் தூரப் பார்வை போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

கணேசன் அன்னூரிலிருந்து விளையாட வந்தார், இரண்டாவது போனாக. அதற்காக அக்கா பூத்தின் இன்னொரு லைனுக்கும் ஒரு ஸ்பீக்கர் போன் தேடி வாங்கினார். மேசையில் இரண்டு போன்கள், இரண்டு பேர், அக்கா. போன் வழியாக வந்தபிறகு கணேசன் முன்னைவிட நிறையப் பேசினார்.

இப்போது சொல்லப்போவது அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்தது. நாங்கள் ஒரு காட்டாற்றின் கரையில் நின்றிருந்தோம். கதையில்தான். செல்வராசு மூங்கிலை வெட்டிக் குறுக்கே போடுவதாகச் சொன்னார்.

"உருட்டுங்க" என்றார் அக்கா.

டொக்கென்று ஒரு சத்தம். பகடை உருண்டது. மறுபடி ஒரு சரசரப்பு. "பதினொண்ணுங்க்கா" என்றார் செல்வராசு.

அக்கா மேலே சொல்லாமல் நின்றார். "இன்னொரு தடவை உருட்டுங்க. கயிறு கட்டணுமில்ல?"

மறுபடி டொக். பகடை. சரசரப்பு. "ஏழுங்க."

"செல்வராசு, எதுக்கு ரிசீவரக் கீழ வெச்சு வெச்சு எடுக்கறீங்க?"

"சும்மாதானுங்க."

"எப்பவும் ஒரு கையில புடிச்சுட்டு ஒரு கையில உருட்டுவீங்க."

 அந்தப் பக்கம் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. போஜன் என்னைப் பார்த்தார்.

"உங்க இன்னொரு கை எங்க?" என்றார் அக்கா.

 பிறகு செல்வராசு சொன்னார். துணி பிழிகிற மெஷினுக்குள் வலது கை போய்விட்டது. மூன்று விரல் இல்லை. ஒன்பது நாள் ஆகிறது. பெரியாஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பூத்திலிருந்து பேசுகிறார். வீட்டுக்குத் தெரியாது. போன ஞாயிறும் வார்டிலிருந்து இறங்கி வந்துதான் விளையாடியிருக்கிறார்.

"போன ஞாயிறா?" என்று போஜன் கத்திவிட்டார். "பைத்தியமாய்யா உனக்கு?"

"போன் வரலைன்னா என்னமோன்னு ஊட்டுல போய்க் கேப்பீங்க. அதானுங்க" என்றார் செல்வராசு.

போன ஞாயிறும் அந்த டொக் கேட்டிருக்க வேண்டும். அக்கா அதைத்தான் முதலில் சொன்னார். "போன வாரம் நான் விட்டுட்டேன். மழைன்னு நெனச்சுட்டேன்." அன்று மேற்கொண்டு கதை சொல்லவில்லை. "வார்டு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பி, "காலைல மொத பஸ்சுக்குப் போயிருங்க" என்றார். என்னிடம் தனியாக, "லீவு சொல்ல நான் ஆபீசுக்குப் பேசிக்கறேன்" என்றார். நான் போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

நானும் போஜனும் திங்கட்கிழமை திருப்பூர் போனோம். வார்டின் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தார் செல்வராசு. கட்டுப்போட்ட கையை எங்களைப் பார்த்ததும் துண்டால் மூடிக்கொண்டார். பட்டறைக்காரர்கள் முதல் நாளோடு சரி, பிறகு வரவில்லை. போஜன் போய் அங்கே இரைந்துவிட்டு வந்தார். அதனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஒருவன் வந்து மருந்துச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு போனான். செல்வராசுவின் மனைவிக்கு அக்காவே சொல்லியிருந்தார். அதுவும் போனில்தான், பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு. எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் செல்வராசுவோடு பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அந்த அம்மாள் அழாமல் நின்றிருந்தார். மகள் மட்டும் அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு செல்வராசு நேரில் விளையாட வந்தார்.

அன்றைக்கு அக்கா பட்ட பாட்டைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. செல்வராசுவுக்கு டீயை வலப்பக்கம் வைத்துவிட்டு, நினைவு வந்து இடப்பக்கம் மாற்றி வைத்தார். கையைப் பார்க்கவே இல்லை. முகத்தையும் பார்க்கவில்லை. "தச்சர் என்ன பண்றாரு?" என்று பழக்கத்தில் போனைப் பார்த்துக் கேட்டார். போனில் இருந்த கணேசன், "அக்கா, தச்சரு உங்க பக்கத்துல இருக்காருங்க" என்றார். செல்வராசு ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். மரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து, "ஒரு நிமிசமுங்க" என்று இறங்கிப் போனார். வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தோம்.

காலியாக இருந்த போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரைப் போட்டார்.

"செல்வராசு பேசறனுங்க."

படிக்கட்டுப் பாதையின் எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக் கடை. அதன் வாசலில் காசு போட்டுப் பேசுகிற போன் இருந்தது. ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியும். ரிசீவரைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கட்டுப்போட்ட கையை வயிற்றோடு அணைத்தபடி நின்றிருந்தார். இடது கையில் பகடை.

"ஆத்துல தண்ணி எவ்வளவு வேகமுங்க?" என்றார்.

அக்கா உட்கார்ந்திருந்தது ஜன்னலுக்கு முதுகு காட்டி. திரும்பவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"தண்ணி கெடக்குது. கை வலிக்குதா?"

"ராத்திரியில வலிக்குதுங்க. இல்லாத வெரல் வலிக்குதுங்க்கா. டாக்டருகிட்டச் சொன்னா சிரிக்கறாரு."

"எந்த வெரல்?"

"நடுவெரல். நகத்துல முள்ளு குத்துனாப்ல."

அவர் பேசிக்கொண்டே போனார். இந்தக் கையோடு எந்தப் பேக்டரியில் எடுப்பார்கள் என்றார். மகள் சாப்பாட்டைப் பிசைந்து கொடுக்கிறாள், வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை என்றார். நடுநடுவே காசு போடுகிற சத்தம் கேட்டது. போஜன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மருந்துக் கடைக்காரர் நாற்காலியை எடுத்து வந்து போட்டார். செல்வராசு உட்காரவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு ஞாயிறும் அங்கிருந்துதான் விளையாடினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த வருடம் எங்கள் ஆபீஸ் கேண்டீனில் பில் போடுகிற வேலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார்.

எனக்கு ஆவடிக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். நாலு வருடப் பழக்கம். அக்கா ரசீதுக் கட்டைப் பார்த்தபடி, "போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். வரைபடத்தின் நகல் எனக்கு முன்னால் ஆவடி போய்ச் சேர்ந்திருந்தது. பூத்துக்கு மூன்றாவதாக ஒரு லைனும் வாங்கியிருந்தார்.

முதல் இரண்டு ஞாயிறும் ஒற்றன் போய்ப் பார்த்து வந்த விவரத்தைச் சொன்னேன். எண்களைச் சொன்னேன். உருட்டினேன். மூன்றாவது ஞாயிறு என் முறை வந்தது. அக்கா, "ஒற்றன் என்ன பாக்கறாரு?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அங்கிருந்து யாரும் அவசரப்படுத்தவில்லை. தெருவில் ஒருவன் ஐஸ் விற்றுக்கொண்டு போனான்.

"அப்பா தவறிட்டாருங்க" என்றேன்.

"எப்ப?"

"அஞ்சு மாசம் ஆச்சு. நான் அங்க இருந்தப்பவே."

"அந்த வாரம் வெளையாட வந்தீங்களா?"

"வியாழக்கிழமை தகனம் முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வந்தேனுங்க."

 நான் பேச ஆரம்பித்தேன். அப்பாவோடு இரண்டு வருடமாகச் சரியான பேச்சு இல்லை என்பதை, கடைசியாகப் பேசியது வீட்டுக்கு வெள்ளையடிப்பது பற்றி என்பதை, சுடுகாட்டில் எனக்கு அழுகை வரவில்லை என்பதை. எவ்வளவு நேரம் என்று கணக்கு இல்லை. ஒரு தடவைகூட அவர் "ம்" கொட்டவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு நொடியும் சந்தேகம் வரவில்லை. பேசி முடித்தபிறகுதான் அங்கே மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்களே என்ற நினைப்பு வந்தது. கூசிப்போய் வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஏதோ வேலையாகச் சென்னை வந்த போஜன் என் அறையில் தங்கினார். சாப்பிடும்போது கேட்டார்.

"அன்னிக்கு அப்படி என்னதான்யா பேசினே? நீ வாயைத் திறக்கிறதுக்குள்ள அக்கா ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு எங்களை வெளியே போங்கன்னுட்டாங்க. கணேசன் லைனையும் செல்வராசு லைனையும் வெச்சுட்டாங்க. மழையில ஒரு மணி நேரம் தையல்கடை வாசல்ல நின்னேன். செல்வராசும் படியைத் தாண்டி வந்து பக்கத்துல நின்னுக்கிட்டாரு. உள்ளே என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை."

"நான் வாயைத் திறக்கறதுக்குள்ளன்னா?"

"நீ சும்மா இருந்தியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு அவங்களுக்கு" என்றார் போஜன். மோரை ஊற்றிச் சாதத்தைப் பிசைந்தார்.